ராவுத்தர் நடுவில் இருக்கட்டும்

கருமாண்டியூர்,
வைகாசி கடைசி.

திருமதி மயிலாத்தாள் அவர்களுக்கு,

வணக்கம். உடும்பஞ்சோலையில் நீங்களும் மகள் ஜீவிதாவும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் ராசம்மாள் எழுதுகிறேன். எந்த ராசம்மாள் என்று யோசிக்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் மாட்டுச் சந்தையில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் வீட்டுக்காரி.

உங்கள் போன் நம்பரைச் சந்தைச் சங்கத்துச் செயலாளர் ஆறுமுகசாமி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் கடிதமாகவே எழுதுகிறேன். போன் செய்தால் உங்கள் குரல் இந்த வீட்டுக்குள் கேட்கும். என் வீட்டுக்காரர் படுத்திருக்கும் அறை பக்கத்தில்தான் இருக்கிறது. தபால் என்றால் சத்தம் இல்லை.

விஷயம் இதுதான். நம் சந்தைக்குப் பஞ்சாயத்து புதுக் கட்டிடம் கட்டியிருக்கிறது. ஆவணியில் உத்காடனம், திறப்பு விழாவுக்கு மந்திரி வருகிறாராம். உள்ளே நுழைந்ததும் இருக்கிற பெரிய சுவரில், இந்தச் சந்தையை உண்டாக்கிக் காப்பாற்றி ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் என்று ஐந்து பேருடைய படத்தை மாட்டப் போகிறார்கள். சந்தைக்கு இடம் கொடுத்த மேட்டுத்தோட்டத்துப் பெரியவர் முதல் படம். கள்ளியும் கல்லுமாகக் கிடந்த பூமி, கொள்ளுகூட முளைக்காது, அதைத்தான் கொடுத்தார். இப்போது வள்ளல் ஆகிவிட்டார். அடுத்தது கல்பாத்தியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட மாட்டு டாக்டர் வெங்கிடேஸ்வரன். அவர் ஊசி போட்டார், உண்மைதான். சர்க்கார் சம்பளத்துக்குத்தானே போட்டார்? மூன்றாவது, மாடுகள் குடிக்கத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த காதர் ராவுத்தர். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, நல்ல மனுஷன். நான்காவது இவர். ஐந்தாவது நீங்கள்.

கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்க மாட்டேன். வயிறு எரிந்தது. ஆறுமுகசாமி காபியைக் குடித்துக்கொண்டே, மேடையில் படிக்கப்போவதை எனக்குப் படித்துக் காட்டினார். புருஷன் காய்ச்சலில் போனபிறகு, புருஷனுடைய தரகுத் தொழிலை எடுத்துச் செய்ய நீங்கள் சந்தைக்குள் வந்தீர்களாம். ஒரு பொம்பளையோடு எவன் கை போட்டு விலை பேசுவான் என்று எல்லோரும் சிரித்தார்களாம். அப்போது துணிந்து துண்டுக்குள் கையை நீட்டிய முதல் ஆள் இவராம். “இந்தச் சந்தையில ஒரு பொண்ணுக்கு மொதமொதல்ல கை குடுத்தவரு எங்க மாமன் ஈஸ்வரமூர்த்தீன்னு மைக்குல சொல்லப் போறமுங்க அக்கா, ஊரே கை தட்டுமுங்க” என்று ஆறுமுகசாமி சந்தோஷமாகச் சொல்கிறார். ஊர் தட்டும். நான் முன்வரிசையில் புதுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும்.

தோளில் கிடக்கும் துண்டை இரண்டு பேர் கைமேலும் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வது மாட்டுச் சந்தை வழக்கம்தான். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காகச் செய்வது. எனக்குத் தெரியாதா? நானும் மாடு கட்டிய வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் என் அப்பன் கை போட்டதெல்லாம் மீசை வைத்தவர்களோடு.

மாடுகளுக்குக் கோமாரி நோய் வந்து சந்தையை மூடி, மறுபடி திறந்தபோது ஒரு மாடும் வராமல் போன கதையையும் ஆறுமுகசாமி எழுதியிருக்கிறார். நீங்களும் இவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து சந்தையைக் காப்பாற்றினீர்களாம். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுத வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் படம் ஒன்று வேண்டுமாம். நல்ல படமாகப் பார்த்துத் தபாலில் அனுப்புங்கள். இவர் படமும் உங்கள் படமும் பக்கத்தில் பக்கத்தில் என்று முதலில் சொன்னார்கள். நடுவில் ராவுத்தர் இருக்கட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். ஆறுமுகசாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

இவர் நிலைமை உங்களுக்கு எட்டியிருக்கும். மாசியில் வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, நாக்கும் எழவில்லை. கோயமுத்தூர் ஆசுபத்திரியில் வைத்திருந்து கூட்டி வந்தோம். வலது கை மட்டும் அசைகிறது. ஆள் அடையாளம் தெரிகிறது, பேச்சு இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம்.

மலைப்பாதை, மழைக்காலம், உங்கள் முழங்கால் வேறு. இவ்வளவு தூரம் சிரமப்பட்டு விழாவுக்கு வர வேண்டாம். படம் வந்தால் போதும். கடவுள் உங்களை அங்கேயே சுகமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ராசம்மாள்


கருமாண்டியூர்,
ஆனி நடுவில்.

மயிலாத்தாள் அவர்களுக்கு,

உங்கள் படம் வந்து சேர்ந்தது. கூட ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். வெறும் படத்தை உறையில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். படத்தில் வெள்ளைக் காளைக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறீர்கள். சிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் தோளில் கிடப்பது பச்சைக் கரை போட்ட துண்டு. அது எங்கள் வீட்டுத் துண்டு. காணோம் காணோம் என்று வேலைக்காரியைத் திட்டித் தீர்த்தேன். இவர் வாயைத் திறக்கவே இல்லை. அப்போது நாக்கு நன்றாகத்தான் இருந்தது.

துண்டைப் பற்றிச் சண்டை போட இதை எழுதவில்லை. வேறொன்று கேட்க வேண்டும். நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் வேண்டும்.

கொஞ்ச நாளாக இவர் என் கை கிடைத்தால் விடுவதில்லை. கஞ்சி கொடுக்கப் போனாலும் போர்வை இழுத்துவிடப் போனாலும் விரலைப் பிடிக்கிறார். ஒரு விரலை அழுத்துகிறார், விடுகிறார், இன்னொரு விரலில் நடுக்கணுவைத் தேடிப் பிடிக்கிறார், பிறகு உள்ளங்கையில் ஒரு சுரண்டல். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கல்யாண மணையில் பிடித்ததோடு சரி, இந்த மனுஷன் என் கையைப் பிடித்ததில்லை. சினிமாக் கொட்டகையில்கூட இரண்டு அடி முன்னால் நடப்பார். இப்போதாவது பிடிக்கத் தோன்றியதே என்று இருந்தது. மருமகள் கிருத்திகா பார்த்துவிட்டு, “நரம்பு இழுக்குதோ என்னமோங்க அத்தை” என்றாள். அதுவும் இருக்கலாம் என்று நல்லெண்ணெயைக் காய்ச்சி விரல் விரலாகத் தேய்த்துவிட்டேன். தேய்க்கத் தேய்க்க அவருக்குக் கோபம் வந்தது. எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை தரகர் தனபால் பார்க்க வந்தார். இவர் அவருடைய கையையும் பிடித்தார். தனபால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னார், “மாமன் வெல பேசறாருங்க அக்கா.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன விலை, எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர், “எனக்குப் புடிபடலீங்க. இது எங்க கை இல்ல. நாங்க முழு வெரலப் புடிப்போம், இவரு கணுவுல பேசறாரு. இது மயிலாத்தாக்காவும் மாமனும் தனியா வெச்சிருந்த கைங்க. அவிய ரெண்டு பேரத் தவுத்து ஒருத்தருக்கும் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு, நான் இருந்த இருப்பைப் பார்த்து, காபி வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

தனியாக ஒரு கை. சந்தையில் எல்லோருக்கும் ஒரு கை, உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு கை. நான் இத்தனை வருஷம் இந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்கிறேன். உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்று எல்லாம் தெரியும். இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. சந்தோஷப்பட்டேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உங்களோடு பேசியிருக்கிறார்.

இனி அந்தப் புளியமரத்தடியைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். கோமாரிக்குப் பிறகு சந்தை திறந்தும் வியாபாரிகள் எல்லோரும் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டார்கள். ரோட்டில் போகிற லாரிக்காரன் கண்ணுக்குச் சந்தை நடக்கிற மாதிரி தெரிய வேண்டும் என்று, எங்கள் தொழுவத்து மாடுகளையும் உங்கள் எருமையையும் கொண்டுபோய்க் கட்டினீர்கள். விற்கிறவரும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் துண்டைப் போட்டுக்கொண்டு விலை பேசுகிற மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். லாரிகள் நின்றன, சந்தை பிழைத்தது, ஊர் பிழைத்தது, எல்லாம் சரி. “வெறும் சந்தையை விலை பேசியே நிரப்பியவர்கள்” என்று ஆறுமுகசாமி அழகாக எழுதியிருக்கிறார். நான் அப்போது வாரா வாரம் தூக்குப் போசியில் சோறு கொண்டு வருவேன். வேலியோரம் நின்று பார்ப்பேன். துண்டு அசைந்துகொண்டே இருக்கும். இடையில் நீங்கள் சிரிப்பீர்கள், இவர் சிரிப்பார். விற்க ஒரு மாடு இல்லாத இடத்தில் என்ன விலை பேசினீர்கள்? அன்றைக்குத் தொண்டை வரைக்கும் வந்த கேள்வி இது. சோற்றுப் போசியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நீங்கள் மகள் வீட்டுக்கு மலையேறிப் போனபிறகும் இவர் செவ்வாய்க்கிழமை விடாமல் சந்தைக்குப் போனார். துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு போய், மடிப்புக் கலையாமல் திரும்பி வருவார். துவைக்கப் போடுகிறவள் நான்தானே, எனக்குத் தெரியாதா?

அந்தத் தனிக் கை என்ன, எந்தக் கணுவுக்கு என்ன அர்த்தம் என்று விவரமாக எழுதி அனுப்புங்கள். நான் படித்துப் பழகிக்கொள்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவள், புரிந்துகொள்வேன். இந்தக் கடிதத்தை நீங்களே படியுங்கள், மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

ஜீவிதாவுக்கும் குழந்தைகளுக்கும் ஆசீர்வாதம். அவர்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ராசம்மாள்


கருமாண்டியூர்,
ஆடி மூன்றாம் வெள்ளி.

தங்கச்சி மயிலாத்தாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் நீங்கள் என்று இரண்டு கடிதம் எழுதிப் பார்த்துவிட்டேன். நீ என்னைவிடச் சின்னவள்தானே? இனி நீ என்றே எழுதுகிறேன். மரியாதை குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

நீ எழுதியதை எத்தனையோ முறை படித்தேன். பக்கத்தில் நின்ற தரகர்கள் மணிக்கட்டு ஆடுவதைப் பார்த்தே விலையைக் கண்டுபிடித்துவிட்டார்கள், உன்னைத் தொழிலை விட்டே ஓட்டப் பார்த்தார்கள், அதனால்தான் மணிக்கட்டு ஆடாமல் கணுவில் பேசப் பழகினோம் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். நம்பாவிட்டால் எனக்குத்தான் தூக்கம் போகிறது. அந்தக் கையைக் காகிதத்தில் எழுத முடியாது அக்கா, தொட்டுத்தான் பழக வேண்டும் என்கிறாய். அதுவும் சரியாகத்தான் இருக்கும். மரத்தடியில் என்ன விலை பேசினீர்கள் என்பதற்கு, “நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க அக்கா, அந்தக் கையவே கேட்டுக்குங்க” என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இதுதான் உன் சாமர்த்தியம். சந்தையில் எல்லோரும் உன்னிடம் தோற்றது இப்படித்தான்.

கடைசியில் நீ எழுதியதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. சங்கம் கூப்பிட்டால் வர மாட்டேன், மந்திரிக்காக வர மாட்டேன், அந்த வீட்டுக்காரி வாய் திறந்து கூப்பிட்டால் மறுநாளே பஸ் ஏறுவேன் என்கிறாய். படித்துவிட்டு, உன்னைக் கூப்பிடுவதைவிட நான் ஊமையாகவே இருந்துவிடுவேன் என்று கிருத்திகாவிடம் சத்தம் போட்டேன். உன் கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

இவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை மூடிக்கொள்கிறார். மகன் மோகனசுந்தரம் டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்தான். உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை, மனசுதான் விட்டுப்போகிறது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நான் பேச்சுக் கொடுக்கிறேன். தென்னைக்கு மருந்து வைத்தது, தக்காளிக்கு விலை இல்லாதது, சந்தைக் கட்டிடத்துக்கு நீல வண்ணம் அடிப்பது எல்லாம் சொல்கிறேன். அவர் கூரையைப் பார்க்கிறார். என் பேச்சு அவருக்கு வேண்டாம். அவருக்குப் பதில் வேண்டியிருக்கிறது, விரலுக்குப் பதில்.

முந்தாநாள் ஒரு காரியம் செய்தேன். பீரோவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அவர் கைமேலும் என் கைமேலும் போட்டு மூடினேன். உன் மாதிரி. கிருத்திகா கடைக்குப் போயிருந்தாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. துண்டு விழுந்ததும் இவர் முகம் மாறிவிட்டது. கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தார். விழுந்த நாளிலிருந்து அப்படிப் பார்த்ததே இல்லை. உள்ளே என் விரலைத் தேடிப் பிடித்து ஏதோ சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மறுபடியும் அதையே சொன்னார். மறுபடியும் காத்திருந்தார். அவசரமே இல்லை. மாடு வாங்க வந்தவன் யோசிக்கட்டும் என்று நேரம் கொடுப்பார்களே, அப்படி. எனக்கு அந்தக் கை தெரியாதே மயிலாத்தா. ஏதோ ஒரு கணுவைத் தடவிப் பார்த்தேன். அவர் நெற்றி சுருங்கியது. இன்னொன்றைத் தொட்டேன். அப்போது அவர் என் கையை மெதுவாகத் தள்ளிவிட்டு, துண்டுக்குள்ளிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். விலை படியாவிட்டால் அப்படித்தானே எடுப்பார்கள்? எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்துவிட்டார். அதிலிருந்து கையைக் கொடுப்பதில்லை. நான் பிடித்தாலும் கட்டை மாதிரி கிடக்கிறது.

கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தேடும் ஆள் நான் இல்லை என்று தெரிந்துகொண்டார், அதுதான் தாங்கவில்லை.

எனக்கு உன்மேல் பொறாமைதான். இன்றைக்கும் இருக்கிறது, இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆறுமுகசாமி நேற்று வந்து, இவர் நிலைமை இப்படி இருக்கும்போது இரண்டு படங்களையும் சேர்த்தே மாட்டிவிடலாமா என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார். முடியாது, ராவுத்தர் இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதில் மாற்றம் இல்லை. படம் ஊருக்கு. ஊர் எதை வேண்டுமானாலும் பார்த்துக் கை தட்டிக்கொள்ளட்டும். வீட்டில் கிடக்கிற கைதான் எனக்குப் பெரிது.

அதனால் கூப்பிடுகிறேன். நான்தான் கூப்பிடுகிறேன், ராசம்மாள். வாய் திறந்து கூப்பிடச் சொன்னாய். தபாலில் வாய் இல்லை, கைதான் இருக்கிறது, இதையே வாயாக எடுத்துக்கொள். விழா வரைக்கும் காத்திருக்காதே. மழை விட்ட நாளாகப் பார்த்துப் போடிமெட்டு வழியாக இறங்கித் தேனிக்கு வந்துவிட்டால் அங்கிருந்து பொள்ளாச்சிக்கு பஸ் இருக்கிறது. மோகனசுந்தரம் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குக் காரைக் கொண்டு வருவான். மலைப்பாதையில் உனக்கு வாந்தி வரும் என்று இவர் எப்போதோ சொன்ன ஞாபகம். அதையும் அப்போது மனசில் வைத்து ஆத்திரப்பட்டேன். நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் வாயில் அடக்கிக்கொள். முழங்காலுக்கு எங்கள் வீட்டில் மாடிப்படி இல்லை, எல்லாம் கீழேயே இருக்கிறது. உனக்கு என்று கட்டிலைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு.

வந்து அவர் கையைப் பிடி. என்ன கேட்கிறார் என்று பார். அது ஏதோ ஒரு மாட்டின் விலையாக இருந்தால் விலை என்று சொல். உன்னைப் பற்றி ஏதாவதாக இருந்தாலும் இருந்தபடியே சொல், என் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொல்லாதே. அவருக்கு வேண்டிய பதிலைச் சொல்லி, ஒரு வாய் கஞ்சி குடிக்க வை. பிறகு உனக்குப் பொறுமை இருந்தால் எனக்கும் அந்தக் கையைப் பழக்கிவிடு. நான் மந்தம்தான், ஆனாலும் விட மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும். உன் கை நன்றாக இருக்க வேண்டும். இதை வாயளவில் எழுதவில்லை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் துண்டைப் போட்டுக்கொண்டு பேசும்போது நான் கட்டிலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். என்னை வெளியே போகச் சொல்லக் கூடாது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்கா ராசம்மாள்